பழம் எடுக்கிற மாதத்தில் பயிற்சி வைக்காதீர்கள்

சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், திறன் பயிற்சிகளைக் கவனிக்கும் மாவட்ட அலுவலர்களுக்கும் ஏற்காட்டிலிருந்து ஒரு மடல்.

வணக்கம்.

ஒண்டிக்கடைப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 'அரசு இலவசப் பயிற்சி' என்று நோட்டீஸ் ஒட்டினால் ஜனங்கள் முதலில் வந்து நிற்பது இங்கேதான். ஆதார், பாஸ்புக், சாதிச் சான்றிதழ், போட்டோ எல்லாம் கையோடு கொண்டுவருவார்கள். கடைசியாகத்தான் கேட்பார்கள்: "எப்பண்ணா ஆரம்பிக்கறாங்க? எங்க?" டிசம்பர், சேலம் என்றதும் பாதிப் பேர் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

டிசம்பர் எங்களுக்கு என்ன மாதம் என்று தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நவம்பர் தொடங்கி ஜனவரி தாண்டும் வரை காப்பிப் பழம். ஒரு செடியில் எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுக்காது. சிவந்ததை மட்டும் பார்த்து எடுத்துவிட்டு, அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். அது முடிகிறபோது மிளகு. வருடத்தில் நாலு காசு கையில் நிற்கிற மாதங்கள் இவைதான். அந்தக் கூலியை விட்டுவிட்டு 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிப் போய் வகுப்பில் உட்கார் என்றால் யார் உட்காருவார்?

போன வருடம் ஒரு பயிற்சி நிறுவனம் அப்படித்தான் செய்தது. நாகலூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் பிடிவாதமாகப் போய்வந்தார். பழம் பறித்துக் கறை ஏறிய விரலை வருகைப் பதிவு மெஷின் பல நாள் ஏற்கவில்லை. வந்த நாளெல்லாம் வராத நாளாகி, வருகை குறைவு என்று சான்றிதழும் கிடைக்கவில்லை. சொல்லிக்கொடுத்தது என்னவோ தையல். தையல் சான்றிதழ் மலையில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். தைக்கத் துணி கொடுப்பவர்கள்தான் இல்லை.

வேண்டியது வேறு. களை வெட்டும் மெஷினும் மரம் அறுக்கும் மெஷினும் தோட்டத்துக்குத் தோட்டம் வந்துவிட்டன. கார்ப்புரேட்டர் அடைத்தால்கூடச் சேலத்துக்குத்தான் தூக்கிக்கொண்டு போகிறோம். ரிசார்ட்டுகளில் தண்ணீர்க் குழாய், வாட்டர் ஹீட்டர் பழுது பார்க்க ஆள் கீழிருந்து ஏறி வர வேண்டும். அவர் வண்டிச் செலவும் பில்லில் சேரும். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் மெஷின் ஓட்டுவதும் கொட்டையைப் பக்குவமாகக் காயவைப்பதும் தெரிந்த பெரியவர்கள் ஓய்ந்து வருகிறார்கள். இந்த மூன்று வேலைக்கும் பயிற்சியை இங்கேயே, வேலை மந்தமாகிற ஜூன் முதல் செப்டம்பருக்குள் நடத்துங்கள். கோடை விழாக் கூட்டம் அதற்குள் இறங்கியிருக்கும். மழைக்காலம்தான், ஆனால் பட்டறைக்குக் கூரை இருந்தால் போதும்.

வயது விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். மாநில அரசின் 'வெற்றி நிச்சயம்' இலவசத் திறன் பயிற்சித் திட்டம் 35 வயதோடு நிற்கிறது. ஒன்றிய அரசின் தீன் தயாள் ஊரகத் திறன் பயிற்சித் திட்டத்தில் பெண்களுக்கு 45 வரை இடமுண்டு, ஆணுக்கு அங்கேயும் பொதுவாக 35தான். கலைஞர் கைவினைத் திட்டமோ 35க்கு மேல்தான் தொடங்குகிறது. ஆனால் அது கைத்தொழில் செய்பவர்களுக்குக் கடன் கொடுக்கிற திட்டம். நாற்பது வயது ஆண் தோட்டத் தொழிலாளி எதில் நுழைவார்? மாவட்ட அளவில் உங்கள் கையில் இருக்கிற நிதியில் அவருக்கென ஒரு வகுப்பாவது வைக்கலாம்.

பயிற்சி நாளுக்குப் பணம் தர விதி இடம் கொடுக்காது என்பார்கள். கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் 2023 முதல் பயிற்சி நாளுக்கு 500 ரூபாய் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்தத் திட்டத்தை நம் மாநிலம் ஏற்கவில்லை, அது தனிக்கதை. பயிற்சிக்கு வருகிறவருக்கும் வயிறு இருக்கிறது என்று அரசாங்கக் காகிதம் ஒன்று ஒப்புக்கொண்டிருக்கிறதே, எனக்கு அது போதும்.

ஜூனில் தொடங்குவதென்றால் அறிவிப்பைப் பிப்ரவரியிலேயே ஒட்டச் சொல்லுங்கள். பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் கையெழுத்தாகி வர நாளாகும். இல்லாதவர்கள் அப்போதே விண்ணப்பித்தால்தான் சரியாக இருக்கும். சேலத்து நோட்டீஸ் பலகையில் மட்டும் ஒட்டாமல் வெள்ளக்கடை, மாரமங்கலம், செம்மநத்தம் ஊராட்சி அலுவலகங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். என் கடைச் சுவரிலும் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்