அன்றாடம் ஓடும் காருக்குப் பொருந்தாத ஸ்பிரிங்கைப் பரிந்துரைத்தது தொடர்பான முறைப்பாடு

உப்புவெளி,
திருகோணமலை.
2025.08.18

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

கடந்த மார்ச் 8ஆம் திகதி உங்கள் திருகோணமலைக் கிளையில் என் காருக்கு முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், அதாவது குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங், சொக் வேலை செய்வித்தேன். பற்றுச்சீட்டின்படி மொத்தம் 186,500 ரூபாய். ஐந்து மாதம்தான் ஆகிறது. முன் சொக் (அதிர்வை அடக்கும் ஒயில் குழாய்) இரண்டிலும் ஒயில் கசிகிறது. அதே வாரத்தில் வாங்கிப் போட்ட முன் ரயர் இரண்டும் உட்பக்கமாகத் தேய்ந்து கம்பி வெளியே வந்துவிட்டது. ஒரு வருட உத்தரவாதத்தைக் காட்டிக் கேட்டபோது, "வீதியின் நிலை காரணமான தேய்மானம்" என்று ஒரு வரி எழுதித் தந்து அனுப்பிவிட்டார்கள். அந்த வரியை என்னால் ஏற்க முடியாது.

கார் 2003ஆம் ஆண்டின் டொயோட்டா கொரோலா 121. இரண்டு இலட்சம் கிலோமீற்றர் தாண்டிவிட்டது. 2020இல் நின்ற வாகன இறக்குமதி இந்த வருடம் பெப்ரவரியில் திறந்தாலும், இன்றைய விலைக்குப் புதுக் கார் என்பது ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நடக்கிற காரியமில்லை. இந்தக் கார் இன்னும் பல வருடம் ஓட வேண்டும். அதனால்தான் ஒருமுறை செய்தாலும் ஒழுங்காகச் செய்வோம் என்று உங்களிடம் வந்தேன்.

அன்று ஒரு கொப்பித் தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டுதான் வந்தேன். தினமும் உப்புவெளியிலிருந்து சீனக்குடா, கிண்ணியாப் பாலம் வழியாக மூதூருக்குப் பாடசாலைக்குப் போய் வருவேன். மாதத்தில் இரண்டு தடவை முதுகு வலியுள்ள அம்மாவைப் பின் சீற்றில் இருத்தி கிளினிக்குக் கொண்டுபோவேன். இதைச் சொல்லிவிட்டுத்தான் எது பொருத்தம் என்று கேட்டேன். ஜப்பானிலிருந்து வரும், ஏற்கெனவே பாவித்த ரீகண்டிஷன் சொக் வேண்டாம், உள்ளே இருக்கும் சீல் எத்தனை வருடம் பழையது என்று வெளியிலிருந்து தெரியாது என்றேன். ஸ்பிரிங்கும் சொக்கும் ஒன்றாகச் சேர்ந்த, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கொயில்ஓவர் பற்றியும் பேசினோம். கடல் காற்றில் அதன் மரை துருப்பிடித்து இறுகிவிடும், அடிக்கடி கழற்றித் துடைக்க எனக்கு நேரமில்லை என்று அதையும் விட்டேன். மிஞ்சியது இரண்டு. ஒன்று, கம்பனி உயரத்திலேயே பழைய ஸ்பிரிங்கை வைத்து, புதிய கேஸ் சொக், சொக்கின் தலையைக் காரோடு பிடிக்கும் மேல் மவுண்ட், சொக் அடிவரை போய் இடிக்காமல் தாங்கும் பம்ப் ஸ்டொப், மூட்டுகளில் இருக்கும் றப்பர் புஷ் எல்லாம் மாற்றுவது. மற்றது, காரின் உயரத்தைக் குறைக்கும் கட்டை ஸ்பிரிங்.

என் மனம் முதலாவதில்தான் இருந்தது. உங்கள் ஆலோசகர்தான், "சேர், நாற்பது மில்லிமீற்றர்தான் இறங்கும். வளைவில நல்லாப் பிடிச்சு ஓடும். இருக்கைக்கு வித்தியாசமே தெரியாது, சாதாரண சொக்கோடயே போடலாம்" என்றார். அவர் சொன்னதை நம்பினேன்.

நாற்பது மில்லிமீற்றர் எங்கிருந்து வருகிறது? சொக்கின் தண்டு உள்ளே போவதற்கு இருக்கிற தூரத்திலிருந்துதான். கார் சும்மா நிற்கும்போதே அது செலவாகிவிட்டால், குழியில் விழும்போது மிச்சம் கொஞ்சம்தான். பிறகு ஒவ்வொரு அடியும் பம்ப் ஸ்டொப்பில் போய் இடிக்கும். ஸ்பிரிங்கும் கடினமானது, அது திருப்பித் தள்ளுகிற வேகத்தை அடக்குவதற்குச் சாதாரண சொக் அமைக்கப்படவில்லை. போன வாரம் எங்கள் ஊர் மெக்கானிக் பாஸ் ஒருவர் முன் சொக்கைக் கழற்றிக் காட்டினார். பம்ப் ஸ்டொப்பை விரலால் அழுத்தினேன், நனைந்த பிஸ்கட் போல உதிர்ந்தது. அது பழையது. மேல் மவுண்டும் பழையது. பற்றுச்சீட்டில் இரண்டுக்கும் "புதியது" என்று காசு எடுத்திருக்கிறீர்கள்.

ரயர் விஷயம் இன்னும் மோசம். காரின் உயரத்தை இறக்கினால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும், சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கிற டோ அளவும் மாறும். வேலை முடிந்தவுடன் இந்த அளவுகளைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். உங்கள் கிளையில் செய்யவில்லை, செய்யச் சொல்லவுமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ரயர் புதிது மாதிரித்தான் இருந்தது. உட்பக்கம் கையைவிட்டுத் தடவியபோது கம்பி குத்தி விரலில் இரத்தம் வந்தது. அந்த ரயரோடுதான் அவ்வளவு நாளும் அம்மாவைக் கூட்டிப் போயிருக்கிறேன். அதை நினைத்து இரண்டு இரவு எனக்குத் தூக்கமில்லை.

சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோவர் ஆர்ம் என்ற கையின் புஷ் போட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். கார் லிஃப்டில், சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்க, போல்ட்டை முழுதாக இறுக்கினார்கள். பக்கத்தில் நின்று பார்த்தேன், அப்போது எனக்கு விளங்கவில்லை. காரின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் றப்பர் முறுகிய நிலையிலேயே நின்று கிழியும். இடது பக்க புஷ் இப்போது வெடித்திருக்கிறது. அந்த வேலையைச் செய்த தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. சனிக்கிழமை பின்னேரம், வரிசையில் இன்னும் நான்கு கார். அவசரப்படுத்தியது மேலே உள்ளவர்கள்.

காரை ஓட்டினால் கிண்ணியாப் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் முன்பக்கம் டொக் டொக் என்று அடிக்கிறது. வேகத்தடை கண்டால் அம்மா முன் சீற்றின் தலைப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். நாலு பேர் ஏறினால் பாடசாலை வாசல் மேட்டில் அடிப்பக்கம் உரசுகிறது.

நான் ஓடுகிற வீதி எது என்று விற்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும். அந்த வீதிக்குப் பொருந்தும் என்று சொல்லி விற்றுவிட்டு, பழுதானதும் அதே வீதியைக் காரணம் காட்டுவது நியாயமில்லை.

ஆகவே கட்டை ஸ்பிரிங்கைத் திருப்பி எடுத்து அதன் விலையைத் தாருங்கள். முன் சொக் இரண்டையும், காசு எடுத்தும் மாற்றாத மவுண்ட், பம்ப் ஸ்டொப்பையும், வெடித்த புஷ்ஷையும் புதிதாக, முறையாகப் போட்டுத் தாருங்கள். வீல் அலைன்மென்ட் செய்து அளவுத் தாளைக் கையில் தாருங்கள். இரண்டு ரயரின் விலையையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, ரயர், பம்ப் ஸ்டொப் படங்கள் இத்துடன் இணைத்துள்ளேன். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடுவேன்.

கழற்றிய பழைய ஸ்பிரிங் நான்கும் என் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒயில் பூசிச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். அவற்றை அளந்து பார்த்து, தொய்வில்லை என்றால் அவற்றையே திரும்பப் போடலாம். கார் வீட்டில் நிற்கிறது. நான் பஸ்ஸில் மூதூர் போய் வருகிறேன். அம்மாவின் அடுத்த கிளினிக் செப்டெம்பர் 4ஆம் திகதி.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்