பெயர் எழுதும் விளையாட்டு: பெற்றோர் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். சின்னப் பிள்ளைகளை இந்த மாதம் அவரவர் பெயரை எழுதப் பழக்குகிறோம். நோட்டும் பென்சிலும் இப்போதைக்கு வேண்டாம், அந்தப் பிஞ்சு விரலுக்குப் பென்சிலைப் பிடிப்பதே பெரிய வேலை.

குன்னூர்க் குளிரில் நமக்குச் சும்மா கிடைக்கும் பலகை ஜன்னல் கண்ணாடி. காலையில் ஸ்வெட்டர் மாட்டும்போதே ஓர் எழுத்தை விரலால் எழுதச் சொல்லுங்கள். அழிந்துவிட்டதா? வாயால் ஊதினால் மறுபடி பலகை தயார். தட்டில் ரவை பரப்பியும் கொடுக்கலாம். சப்பாத்தி மாவை நீளமாக உருட்டினால் 'ண'வுக்கு மூன்று சுழி, 'ன'வுக்கு இரண்டு என்று கையாலேயே எண்ணிவிடுவார்கள்.

பெயரில் கொம்பு இருந்தால்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். 'ஜெயா' என்றால் காதில் முதலில் விழுவது 'ஜ', கை முதலில் போடவேண்டியது கொம்பு. பிள்ளை குழம்புவது நியாயம்தானே! கொம்பைத் தனி அட்டையில் எழுதி, ரயில் இன்ஜின் மாதிரி முன்னால் வைக்கச் சொல்லுங்கள். ஆனால் நம் மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளும். அதனால் "இது இறங்குகிற ரயில்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். விவரமான பிள்ளைகள் விடமாட்டார்கள்.

அப்புறம், வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையின் பெயரைப் பெரிதாக எழுதிய அட்டை ஒன்று கொடுத்தனுப்புங்கள். இனிஷியல் வேண்டாம். வீட்டில் கூப்பிடும் பெயர் சின்னதாக இருந்தால் அதுவே போதும்.