‘மண்ணுதானே’ என்று சொல்லாதவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் எங்கள் வீட்டுக் கொல்லையில் போட்டிருக்கும் கொட்டகைக்கு, நான் செய்கிற சுடுமண் நகைகளை வேகவைக்க ஒரு மின்சூளை வந்து இறங்கிவிட்டது. படத்தைப் பார்த்துவிட்டு எத்தனையோ பேர் வாழ்த்துச் சொன்னீர்கள். தனித்தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தால் ஆவணி முகூர்த்தத்துக்கு ஒத்துக்கொண்ட வேலை அப்படியே கிடக்கும். அதனால் சொல்ல வேண்டியதை மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சுடுமண் நகை செய்கிறவள் அதிகம் கேட்கிற பேச்சு, "மண்ணுதானே?" என்பது. ஜிமிக்கி ஜோடி 250 ரூபாய் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அது வந்து விழும். வாங்க வந்தவர்கள் கேட்டால் பரவாயில்லை, அது பேரம். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் வைத்து, "தங்கம் இல்லாட்டி ஒரு கவரிங்காவது போட்டுட்டு வரக்கூடாதா, மண்ணையா காதுல மாட்டிக்கிட்டு வர்றது?" என்பார்கள். இவ்வளவும் கேட்ட எனக்கு, அப்படிச் சொல்லாதவர்கள் யார் யார் என்பது நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. இந்த மடல் அவர்களுக்குத்தான்.

முதலில், எங்கள் ஊரில் பானை செய்கிற வேளார் தாத்தா. மானாமதுரைக்காரர்களுக்கு மண்ணின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊர்க் கடம் போகாத கச்சேரி மேடை இல்லை. கடம் செய்ததற்காக எங்கள் ஊர் மீனாட்சி அம்மாள் சங்கீத நாடக அகாடமி விருதே வாங்கியிருக்கிறார். 2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் அதே ஊரில் ஒருத்தி அதே மண்ணில் தோடு செய்கிறேன் என்று போய் நின்றால் சிரிக்கத்தான் செய்தார்கள். தாத்தா சிரிக்கவில்லை. "காதுல போடுறதுக்கா? அப்போ இந்த மண்ணு ஆகாது" என்றார். அவ்வளவுதான்.

பானைக்கு ஆகிற மண் நகைக்கு ஏன் ஆகாது என்பதை அவர் காட்டிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கண்மாய் மண்ணில் ஒரு கிள்ளு எடுத்து முன்பல்லில் வைத்து மெல்லக் கடித்தார். நறநறவென்றது. துப்பிவிட்டு, இன்னொரு குவியலில் இருந்து ஒரு கிள்ளு. அதுவும் நறநற. மூன்றாவது குவியல் சத்தமே இல்லாமல் பல்லில் அப்பிக்கொண்டது. "இதுதான் ஒனக்கு." பானைக்கு மணல் வேண்டும், அப்போதுதான் நெருப்பைத் தாங்கும். கடுகளவு மணி உருட்டுகிறவளுக்கு ஒரு மணல் துகளே பெரிய பாறை. அதன் பக்கத்தில்தான் விரிசல் விடும். நானும் இப்போது ஒவ்வொரு மூட்டை மண்ணையும் கடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். என் மகளுக்கு இது பெரிய அவமானம்.

தாத்தாவின் மருமகளுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். மண்ணை ஊறப்போட்டு, கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, தெளியவிட்டு, மேலே நிற்கிற தண்ணீரை இறுத்து, அடியில் தங்குகிற வண்டலைச் சாக்கில் பரப்பிப் பதம் பார்க்கிற வேலை முழுக்க அந்த அக்கா கற்றுக்கொடுத்தது. உருவிய மணிகளை வெயிலில் காயவைக்காதே, நிழலில் வை, மேலே ஒரு துணி போடு என்று சொன்னதும் அவர்தான். வெயிலில் வைத்தால் மேற்புறம் முந்திக் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், இரண்டுக்கும் நடக்கிற இழுபறியில் மணி பிளந்துவிடும்.

அப்புறம் அவர்களுடைய சூளை. இத்தனை வருஷமும் என் நகைகள் வெந்தது அவர்கள் சூளையில் ஒரு மூலையில்தான். பழைய பானை ஒன்றுக்குள் நகைகளை அடுக்கி, மூடி, பெரிய பானைகளுக்கு நடுவில் வைத்துவிடுவார் தாத்தா. வைக்கோல், எருவாட்டி, விறகு. தீ மூட்டியதும் நான் பரபரப்பேன், அவர் அசையமாட்டார். "மொதப் பொகை போகட்டும்" என்பார். அந்த வெள்ளைப் புகை முக்கால்வாசி மண்ணின் ஈரம். அது நிற்கும்முன் தீயை ஏற்றினால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே வர வழி இல்லாமல் தோட்டை வெடிக்க வைத்துவிடும். மின்சூளை விற்றவர்கள் கொடுத்த அட்டையில் இதையேதான் டிகிரிக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள்: 100, 120 டிகிரிக்குள் வெகுநேரம் நிறுத்து, 573 டிகிரியைக் கடக்கும்போது நிதானமாகப் போ. மண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் அந்தச் சூட்டில் சட்டென்று விரியுமாம். தாத்தாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அந்த நேரத்துலதான நான் வெறகு போடாம பீடி பத்த வைப்பேன்" என்றார்.

ஒரு தடவைகூடச் சூளைக் கூலி வாங்கியதில்லை. நானும் விடாமல் கேட்டுப் பார்த்துவிட்டேன். "பானை வேகுற நெருப்புலதான் இதுவும் வேகுது, தனியாவா வெறகு வச்சேன்?"

மின்சூளையைப் பார்க்க அவரே நேரில் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல பொகையே வராதா? அப்போ கறுப்பு எப்படி வரும்?" என்று கேட்டார். விற்க வந்த பொறியாளரிடம் யாரும் கேட்காத கேள்வி. காற்று தாராளமாகக் கிடைத்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். உமியைக் கொட்டி, வாயை அடைத்து, புகைக்குள்ளேயே புழுங்கவிட்டால்தான் கறுக்கும். மின்சூளைக்குள் அப்படிப் புகை போட்டால் கம்பிச்சுருள் கெட்டுவிடும். ஆகவே கறுப்பு நகைகள் இனியும் தாத்தா வீட்டுச் சூளையில்தான். எனக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம்.

அடுத்து எங்கள் அப்பத்தா. இதை வாசித்துக் காட்டினால், "எனக்கு எதுக்குடி நன்றி, வெத்தலைக்குக் காசு குடு" என்பார். பரவாயில்லை.

அப்பத்தாவுக்குத் தோளைத் தொடுகிற காது. அதில் தொங்கிய தண்டட்டி சித்தப்பாவின் படிப்புக்காக எப்போதோ விற்றாகிவிட்டது. நான் தோடு செய்ய ஆரம்பித்த காலத்தில் அதன் கதையைக் கேட்டேன். நான் நினைத்திருந்தது கெட்டித் தங்கம். அவர் சிரித்தார். மேலே மெல்லிய தங்கத் தகடு, உள்ளே அரக்கு. கெட்டியாகச் செய்தால் காசும் கட்டாது, காதும் தாங்காது. அன்றைக்குத்தான் என் ஜிமிக்கியின் வயிற்றைக் குடைவது என்று முடிவெடுத்தேன். இப்போது குடை ஜிமிக்கியின் சுவர் தோசைக் கனம்தான் இருக்கும், கையில் வைத்தால் இருப்பதே தெரியாது.

எடைக்குச் சோதனை அப்பத்தாவின் காதில்தான். கீழ்க்காது ஓட்டை கொக்கிக்கு நிற்காது. மேல்காதில் கொப்பு போட்டிருந்த ஓட்டையில் மாட்டிக்கொள்வார். காலையில் மாட்டினால் அதோடு கோழிக்குத் தீவனம் போடுவார், ரேஷன் கடைக்குப் போவார், தூங்குவார். சாயங்காலம் கழற்றிக் கையில் கொடுத்து "இழுக்குது" என்றால் அந்த அச்சு அத்தோடு சரி. ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தராமலே விட்டுவிட்டால் தேறிவிட்டது என்று அர்த்தம். இதனால் அவரிடம் என் தோடுகள் ஒரு டப்பா சேர்ந்திருக்கிறது.

அஞ்சல் நிலையத்தில் பார்சல் வாங்கும் அண்ணனுக்கும் இதில் இடம் உண்டு. ஒரு தீபாவளிக்கு வேறொரு வழியாக அனுப்பிய பெட்டிகள் பல நொறுங்கிப் போய்ச் சேர்ந்தன. கேட்டால், "மண்ணு சாமான்னா அப்படித்தான் மேடம்" என்று பதில். அஞ்சல் நிலையத்துக்கு மாறினேன். அந்த அண்ணன் என் பெட்டியை எடை போடுவதற்கு முன்னால் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே லேசாகச் சத்தம் கேட்டது. திருப்பித் தந்துவிட்டார். "ஆடுனா ஒடையும். ஆடாமக் கட்டிக்கிட்டு வாங்க." வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்கும்போதே, டப்பாவுக்குள் டப்பா, நடுவில் கிழித்துக் கசக்கிய செய்தித்தாள், ஜிமிக்கியின் வயிற்றுக்குள்ளும் பஞ்சு என்று சொல்லிக்கொடுத்தார். இப்போதும் ஆட்டிப் பார்க்காமல் ரசீது போடுவதில்லை.

மதுரையில் புது மண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளில் ஒன்றில் சரடு முறுக்கித் தருகிற பெரியவருக்கு நன்றி. நைலான் கயிறு கேட்டால் தரமாட்டார், கழுத்தை அறுக்கும் என்பார்.

வாங்கியவர்களில் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. காரைக்குடிப் பக்கத்துப் பெண், கல்யாண வரவேற்புக்கு முழு செட்டும் சுடுமண்ணில் வேண்டும் என்று கேட்டார். சேலை மயில்கழுத்து நிறம். பட்டில் அந்த நிறம் வருவது பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்வதால். திரும்பினால் பச்சை, இன்னும் கொஞ்சம் திரும்பினால் நீலம். ஒரே வண்ணத்தைப் பூசி அதைக் கொண்டுவர முடியாது. அந்தப் பெண் முந்தானை ஓரத்தில் இருந்து கத்தரித்த ஒரு துண்டைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பியிருந்தார். அடியில் கருநீலம் பூசிக் காயவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் பச்சையைத் தொட்டு, மேடான இடங்களில் மட்டும் ஒரு பக்கமாகவே தேய்த்தேன். பள்ளங்களில் நீலம் தங்கியது, மேடுகளில் பச்சை. அட்டிகை, நெத்திச்சுட்டி, தோடு, வளையல் எல்லாவற்றுக்கும் அப்படியே. மேடையில் அதைப் போட்டுக்கொண்டு நின்ற படத்தை அவர் அனுப்பினார். யார் என்ன கேட்டார்களோ தெரியாது. அதற்குப் பிறகு அவருடைய மாமியாரே ஒரு ஜோடி கேட்டு எழுதினார் என்பது மட்டும் தெரியும்.

மகளிர் குழுவின் மதி அரங்குகளிலும் கல்லூரிச் சந்தைகளிலும் வாங்கிய மாணவிகளுக்கும், சித்திரைத் திருவிழாவில் ஆற்று மணலில் துணி விரித்து உட்கார்ந்திருந்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தவர்களுக்கும் நன்றி. கையில் காசில்லை, எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு மறுநாள் மறக்காமல் வந்த பிள்ளைகளே, உங்கள் முகம் எனக்குத் தெரியும்.

சூளைக்கான பணம் வந்த கதை சுருக்கமாக. ஓரிடத்தில் கடன் கேட்டபோது, மண்ணுக்கு எதற்கு அவ்வளவு பணம் என்றார்கள். சிவகங்கை மாவட்டத் தொழில் மையத்தில் இருந்த அதிகாரி அம்மா அப்படிக் கேட்கவில்லை. கலைஞர் கைவினைத் திட்டத்தில் வருகிற 25 தொழில்களின் பட்டியலை எடுத்து, மண்பாண்டமும் சுடுமண் வேலையும் இருக்கிற வரியில் விரலை வைத்துக் காட்டினார். கடனில் 25 சதவீதம் மானியம், அதன் உச்சவரம்பு 50,000 ரூபாய், வட்டியிலும் சலுகை. 35 வயது தாண்டியிருக்க வேண்டும் என்பது விதி. வயதானதில் ஒரு லாபம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. விண்ணப்பத்தில் இயந்திர விலைப்பட்டியலை எப்படி இணைப்பது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த அவருக்குக் கோடி நன்றி.

மகளின் பள்ளி ஆசிரியைக்கு ஒன்று. 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறந்த பிறகு பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனார். எங்கள் ஊரில் இருந்து மதுரைக்குப் போகிற வழிதான். திரும்பி வந்ததும் என்னைப் பள்ளிக்கு வரச் சொன்னார். கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த சுடுமண் மணியை எப்படிச் செய்வார்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்களாம். ஈர்க்குச்சியும் மண்ணுமாகப் போனேன். காய்ந்தால் சுருங்கும், அதனால் ஓட்டையை வேண்டியதைவிடப் பெரிதாகக் குத்துங்கள் என்றேன். ஒருவன் மணியைவிடப் பெரிதாகவே குத்திவிட்டான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய மணிக்காரர்களின் பிள்ளைகளும் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வண்ணம் தீட்ட வருகிற மதினிக்கும் எதிர்வீட்டு அக்காவுக்கும் நான் நன்றி சொன்னால் அடிக்க வருவார்கள், அதனால் கூலியைச் சரியாகக் கொடுத்துவிடுகிறேன். வீட்டுக்காரர் சட்டை முழுக்க மண்ணோடு வேலைக்குப் போன நாட்கள் உண்டு. ஒரு வார்த்தை சொன்னதில்லை. சரி, ஒன்றிரண்டு சொல்லியிருக்கிறார்.

கடைசியாக, ஆர்டர் கொடுத்திருப்பவர்களுக்கு. சிவப்பு செட்டுகள் மின்சூளையில் வெந்துகொண்டிருக்கின்றன, சொன்ன தேதிக்கு வந்துவிடும். கறுப்பு கேட்டவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். தாத்தா வீட்டுச் சூளை திறந்த வெளியில் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் ஒரு வாரம் தள்ளிப்போகும். அவரை அவசரப்படுத்த என்னால் முடியாது, நீங்கள் வேண்டுமானால் போன் செய்து பாருங்கள்.

அன்புடன்,
மானாமதுரையில் இருந்து உங்கள் சுடுமண் நகைக்காரி