சீரம்பூர்ப் பட்டங்களும் டேனிஷ் மன்னரின் சாசனமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வங்காளத்திலுள்ள சீரம்பூர்க் கல்லூரியை ஆங்கிலேய ஆட்சியின் கொடையாகக் கருதுவோர் பலர். வரலாறோ ஏறத்தாழ நேர்மாறானது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை விரும்பாததால்தான், ஹூக்ளி ஆற்றின் கரையில் டேனியர் (டென்மார்க் நாட்டவர்) வசமிருந்த சீரம்பூரில் 1800இல் அவர்கள் தஞ்சம் புகுந்தனர். செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து வந்த வில்லியம் கேரி, பள்ளி ஆசிரியரான ஜோசுவா மார்ஷ்மன், அச்சுத் தொழில் அறிந்த வில்லியம் வார்டு என்னும் மூன்று பாப்டிஸ்டு சபை மிஷனரிகளும் 1818இல் கல்லூரியைத் தொடங்கியபோது, கிறிஸ்தவரல்லாத மாணவருக்கும் இடமளித்து, கீழை இலக்கியத்தையும் மேலை அறிவியலையும் சேர்த்தே கற்பிக்க முனைந்தது அக்காலத்துக்குத் துணிவான முடிவு. 1827இல் டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடரிக் பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாக அளித்தார். 1845இல், டேனியர் வசமே இருந்த நம் தரங்கம்பாடியோடு சீரம்பூரும் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டபோது, அவ்வுரிமை ஒப்பந்தத்திலேயே காக்கப்பட்டது. அத்தனை உரிமையிருந்தும் முதல் இறையியல் பட்டங்கள் 1915இல்தான் வழங்கப்பட்டன என்பது வியப்புக்குரியது. 1918ஆம் ஆண்டின் வங்காளச் சட்டத்தின்படி அமைந்த, பட்டங்களை மேற்பார்வையிடும் குழுவான செனட்டின் வழியாகவே, மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி உள்ளிட்டவற்றின் மாணவர்கள் இன்றும் பட்டம் பெறுகின்றனர்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்