கச்சான் காறுவதும் உன் குளிசைப் போத்தலும்

ஒட்டுசுட்டான்,
ஆனி மாதம்.

அன்புள்ள மச்சான்,

உன் பார்சல் போன புதன்கிழமை பத்திரமாக வந்து சேர்ந்தது. பேத்திக்கு அனுப்பின சட்டை சரியான அளவு. சொக்லேட்டை உன் தங்கச்சி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள், பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான் கிடைக்கிறது.

இங்கே எல்லோரும் சுகம். முத்தையன்கட்டுக் குளத்தில் தண்ணீர் இருந்தபடியால் இந்தமுறை சிறுபோகம் விதைக்க முடிந்தது. கச்சானும் பிடுங்கியாயிற்று, முற்றத்தில் சாக்கில் பரப்பிக் காயவிட்டிருக்கிறோம். பாலைப்பழம் தொடங்கி இரண்டு கிழமை. மாங்குளம் வீதியோரத்தில் பேணியால் அளந்து விற்கிறார்கள். நேற்று இரண்டு பேணி வாங்கிவந்து பிள்ளைகளோடு இருந்து சாப்பிட்டேன். உதடு ஒட்டத் தொடங்கியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குள் போய், பால் பிடித்த வாயைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவோமே, அதை நினைத்தபடியேதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பார்சலில் எனக்கென்று இரண்டு போத்தல் குளிசை வைத்திருந்தாய். ஒன்று விற்றமின் ஈ, 400 அலகு. மற்றது பீற்றா கரோட்டின், கரட்டிலும் பூசணிக்காயிலும் இருக்கிற சத்து. இரண்டிலும் ‘அன்ரிஒக்சிடன்ற்’, அதாவது ஒட்சியேற்ற எதிரி, என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. கூடவே நீ எழுதிய துண்டில், “சிகரெட்டை முழுதாக விட முடியவில்லை, ஐந்தாறில் நிற்கிறது. அதற்கு ஈடுகட்டத்தான் நான் இதைப் போடுகிறேன், நீயும் போடு” என்று இருந்தது. அந்த வரியைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை, மச்சான். உன் அன்பு எனக்குத் தெரியும். ஆனால் சிகரெட்டோடு சேர்த்துப் பீற்றா கரோட்டின் குளிசை போடுவது உனக்குத் தீங்கு. இதை எழுதாமல் விட்டால் நான் நண்பன் இல்லை.

முதலில் ஏன் என்று சொல்கிறேன். முப்பது வருடம் இரசாயனம் படிப்பித்தவன், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்.

போன வருடக் கச்சானில் ஒரு பை, கோது உடைத்த பருப்பாக, குசினித் தட்டில் மறந்துபோய்க் கிடந்தது. போன கிழமை அதைத் திறந்தேன். பார்க்க நல்ல நிறம்தான். வாயில் போட்டதும் நாக்கின் அடியில் ஒரு காறல், பழைய வாணிஷ் மணம். துப்பிவிட்டேன். பூச்சி இல்லை, பூஞ்சணம் இல்லை. ஒட்சிசன் செய்த வேலை அது, அதாவது ஒட்சியேற்றம். கச்சான் எண்ணெயில் இருக்கிற கொழுப்பு மூலக்கூறு ஒன்றிலிருந்து ஓர் ஐதரசன் பிடுங்கப்பட்டால் அது இணையிழந்த இலத்திரனோடு நிற்கும். அதைத்தான் சுயாதீன மூலிகம் என்று வகுப்பில் படித்தோம். அது ஒட்சிசனோடு சேர்ந்து பக்கத்து மூலக்கூறிலிருந்து பிடுங்கும். அது அடுத்ததில் பிடுங்கும். வைக்கோற்போரில் நெருப்புப் பிடித்தமாதிரி ஓடிப் போகும்.

நம் உடம்பின் ஒவ்வொரு கலத்துக்கும் கொழுப்பாலான ஒரு தோல் இருக்கிறது. அதுவும் இப்படிக் காறலாம். சிகரெட்டின் ஒரே ஓர் இழுவையில் கோடானுகோடி மூலிகங்கள் நெஞ்சுக்குள் போகின்றன. சிகரெட் தொடாதவனுக்கும் சாப்பாட்டை எரித்துச் சக்தி எடுக்கும்போது, கலத்துக்குள் அந்த வேலையைச் செய்கிற இழைமணியில் மூலிகம் கொஞ்சம் கசிந்துகொண்டுதான் இருக்கும். கசிவு தடுப்பை மிஞ்சிப் போகிற நிலைக்குத்தான் ஒட்சியேற்ற அழுத்தம் என்று பெயர். இரத்தக்குழாய் அடைப்பிலும் சலரோகத்திலும் புற்றுநோயிலும் அதற்குப் பங்கு உண்டு. நமக்கு வயதேறுவதே இந்த மூலிகங்களால்தான் என்று டென்ஹம் ஹார்மன் என்ற அமெரிக்கர் 1956இலேயே எழுதினார். அதிலிருந்துதான் ‘மூலிகத்தை அடக்கும் குளிசையைப் போட்டால் போதும்’ என்ற எண்ணம் பரவியது.

ஆனால் உடம்பு வெறுங்கையோடு இருக்கவில்லை. எட்டாம் வகுப்பில் நீ சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாய், நினைவிருக்கிறதா? அப்போதிக்கரி ஐயா ஒரு மருந்தை ஊற்றினார். காயத்தில் வெள்ளையாக நுரைத்துப் பொங்கியது, நீ கத்தினாய், நான் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றேன். அது ஐதரசன் பரவொட்சைட்டு. நுரைக்க வைத்தது மருந்து என்று நாம் நினைத்தோம். நுரைக்க வைத்தது உன் இரத்தத்திலும் சதையிலும் இருந்த கற்றலேசு என்ற நொதியம். அது பரவொட்சைட்டைப் பிரித்துத் தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் ஆக்கிவிடும், செக்கனுக்கு மில்லியன் கணக்கில். அதற்கு முந்தின படியை, அதாவது மூலிகத்தைப் பரவொட்சைட்டாக மாற்றுவதை, செய்கிற இன்னொரு நொதியத்தை மக்கோர்ட், பிரிடோவிச் என்ற இரண்டு பேர் 1969இல் கண்டுபிடித்தார்கள். ஒரு குளிசை மூலக்கூறு ஒன்றிரண்டு மூலிகத்தை அடக்கிவிட்டு ஓய்ந்துவிடும். நொதியம் ஓயாது. அதற்கு வேண்டியதெல்லாம் இரும்பு, செம்பு, துத்தநாகம், மங்கனீசு, செலனியம் என்று துளித்துளியாய்ச் சில உலோகங்களும் தாதுக்களும். அவை சோற்றிலும் கீரையிலும் மீனிலும் வருகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மூலிகங்கள் எல்லாமே எதிரிகள் இல்லை. வெள்ளைக்குருதிக் கலங்கள் கிருமியைக் கொல்வதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. நீ காலையில் நடக்கப் போகிறாய் என்று எழுதினாய், நல்லது. நடக்கும்போது உண்டாகிற கொஞ்ச மூலிகமும் தசைக்கு ‘உன்னைப் பலப்படுத்து’ என்று செய்தி கொடுக்கிறது. 2009இல் ஜெர்மனியில் இளைஞர்கள் சிலரை நான்கு கிழமை உடற்பயிற்சி செய்ய வைத்து, அவர்களில் பாதிப் பேருக்கு விற்றமின் சீயும் ஈயும் பெரிய அளவில் கொடுத்தார்கள். குளிசை போடாதவர்களின் உடம்பில் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. போட்டவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை.

இப்போது உன் பீற்றா கரோட்டினுக்கு வருகிறேன். இதை இரண்டு தரம் படி.

மரக்கறியும் பழமும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று முன்பே கண்டிருந்தார்கள். அந்தச் சத்தைப் பிரித்துக் குளிசையாகக் கொடுத்தால் புகைப்பவர்களைக் காப்பாற்றலாம் என்று நம்பிப் பின்லாந்தில் 29,133 ஆண்களைச் சேர்த்தார்கள். எல்லோரும் புகைப்பவர்கள், 50 முதல் 69 வயது, உன்னையும் என்னையும் போன்றவர்கள். ஒரு பகுதியினருக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் பீற்றா கரோட்டின். 1994இல் முடிவு வந்தது. குளிசை போட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூட. அமெரிக்காவில் அதே நேரம் 18,000க்கு மேற்பட்டவர்களை வைத்து இன்னோர் ஆய்வு நடந்தது. புகைப்பவர்கள், புகைத்து விட்டவர்கள், அஸ்பெஸ்டஸ் தூசியில் வேலை செய்தவர்கள். அவர்களுக்குப் பீற்றா கரோட்டினோடு விற்றமின் ஏயும் கொடுத்தார்கள். புற்றுநோய் 28 வீதம் கூடி, இறப்பும் 17 வீதம் கூடியதால் 1996 தையில், குறித்த நாளுக்கு 21 மாதம் முன்பே, அதை நிறுத்திவிட்டார்கள். புகை நிறைந்த நெஞ்சுக்குள் கரோட்டினே ஒட்சியேறி உடைந்து தீங்கான துண்டுகளாகிறது என்பது அதற்குத் தருகிற விளக்கங்களில் ஒன்று.

விற்றமின் ஈயும் அப்படித்தான். 35,000க்கு மேற்பட்ட ஆண்களை வைத்துப் பார்த்ததில், ஒரு நாளைக்கு 400 அலகு ஈ போட்டவர்களுக்குப் புரொஸ்ரேற் புற்றுநோய் 17 வீதம் கூடியிருந்ததாக 2011இல் அறிவித்தார்கள். உன் போத்தலில் இருப்பதும் அதே 400தான்.

ஆகவே பீற்றா கரோட்டினை இன்றைக்கே நிறுத்து. விற்றமின் ஈயையும் உன் டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டிக் கேள். கரட்டும் பூசணிக்காயும் தாராளமாகச் சாப்பிடு, அதில் பயமே இல்லை.

‘சிகரெட்டை விடு என்று சொல்வது சுகம்’ என்று நீ நினைப்பாய். எனக்கு நடந்ததை உனக்கு இதுவரை எழுதவில்லை. போன வருடம் பல்லுக்குப் போன இடத்தில் கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைப் படையைக் கண்டார்கள். ‘எத்தனை வருடம் வெற்றிலை போடுகிறீர்கள்?’ என்று கேட்டார்கள். நாற்பது என்றேன். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, பாக்குச் சீவலை ஒரு வெள்ளைக் கோப்பையில் இடித்துப் போட்டு, தண்ணீர் விட்டு, நுனிவிரலால் சுண்ணாம்பு தொட்டுக் கலந்தேன். மங்கலாகக் கிடந்த தண்ணீர் கண்ணுக்கு முன்னாலேயே செம்மண் நிறமாகிப் பிறகு இரத்தச் சிவப்பானது. அந்தச் சிவப்புத்தான் ஒட்சியேற்றம். பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருட்கள் தேயிலையில் இருக்கிறவற்றின் இனம், புத்தகத்தில் அவற்றுக்கும் ‘ஒட்சியேற்ற எதிரி’ என்றுதான் பெயர். சுண்ணாம்பின் காரத்தில் அவையே ஒட்சியேறி, மூலிகங்களையும் பரவொட்சைட்டையும் கக்குகின்றன. இதெல்லாம் நாற்பது வருடம் என் கன்னத்துக்குள் நடந்திருக்கிறது. பாக்கு, புகையிலை சேராவிட்டாலும், புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அறிவித்திருந்தது. அதைப் படித்தும் நான் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அன்றைக்கு விட்டேன். முதல் மாதம் சாப்பிட்டு எழும்பினால் கை தானாகப் பையைத் தேடும். ஏலக்காய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வளவைச் சுற்றி நடப்பேன். இப்போது பதினான்கு மாதம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுகிறேன், படை பரவவில்லை. நான் விட்டேன் என்பதற்காகத்தான் உன்னிடம் கேட்கிறேன். அந்த ஐந்தாறையும் விடு.

சாப்பாட்டைப் பற்றியும் கேட்டிருந்தாய். நாங்கள் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. மீளக்குடியேறி வந்தபோது கூரைத்தகரம் ஏறும் முன்பே வளவில் ஒரு முருங்கைக் கம்பு நட்டோம், அது இப்போது கூரைக்கு மேலே. கிழமையில் மூன்று நாள் முருங்கையிலை வறை. தேங்காய்ப்பூ போடுவதில் காரணம் இருக்கிறது. இலையிலுள்ள கரோட்டின் கொழுப்போடுதான் உடம்பில் சேரும். அதே மாதிரித்தான் சொதியும். அம்மா சொதியை அடுப்பால் இறக்கி, ஆறின பிறகே தேசிக்காய்ப் புளி விடுவார். நான் ஒருநாள் கொதிக்கும்போதே விட்டுவிட, கைச்சுப்போய் எல்லோரிடமும் பேச்சு வாங்கினேன். அம்மா கைப்புக்காகச் சொன்னது, விற்றமின் சீயையும் காப்பாற்றுகிறது. அந்தச் சீ பக்கத்தில் இருக்கிற கீரையின் இரும்பையும் உடம்பில் சேர்த்துவிடும். சிவப்பரிசி, குரக்கன் பிட்டு, மீன், கொய்யா, விளாம்பழம், காலத்துக்குப் பாலைப்பழமும் நாவலும், அவ்வளவுதான். புகைக்கிறவருக்கு மற்றவர்களைவிட நாளுக்கு 35 மில்லிகிராம் விற்றமின் சீ கூட வேண்டும் என்கிறார்கள், ஒரு தோடம்பழம் அதற்குத் தாராளம். அதற்கென்று ஒரு போத்தல் வாங்காதே.

நாங்கள் குறைத்தது சீனி. மூன்று கரண்டி போட்ட பிளேன்ரீ இப்போது பனங்கட்டி ஒரு கடியோடு. இரத்தத்தில் சீனி கூடிநின்றால் இழைமணியில் கசிவும் கூடும், இங்கே வீட்டுக்கு வீடு சலரோகம் வருகிறபடியால் அதில் நான் கண்டிப்பு. கடை வடையும் நிறுத்தியாயிற்று. ஒரே எண்ணெயைக் கறுக்கக் கறுக்கக் காய்ச்சுகிறார்கள், அந்த மணம் வீதிக்கே வரும்.

உன் தங்கச்சி ஒரு பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். ஒடியல் மா, முருங்கையிலை நிழலில் காயவைத்து இடித்தது, புது எள்ளு, அப்புறம் இரண்டு கிலோ கச்சான். கச்சானை வறுக்காமல் கோதோடுதான் வைக்கிறேன். வந்து சேர்ந்ததும் ஆசையில் முழுவதையும் உடைத்துவிடாதே. கோதோடு இருந்தால் சீக்கிரம் காறாது. அன்றன்றைக்குத் தின்கிறதை மட்டும் உடை. சிகரெட் நினைவு வருகிறபோது இரண்டு கச்சான் உடைத்தால் கைக்கும் ஒரு வேலை இருக்கும்.

அடுத்த வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருவேன் என்றாய். அதற்கு முன் டொக்டர் என்ன சொன்னார் என்று எழுது. போன் எடுத்தாலும் சரி.

அன்புடன்,
உன் மச்சான்