செங்கடல் காட்சியின் ஓரக் கோடு

ஆசிரியருக்கு வணக்கம்.

மோசேயின் கதையைச் சொல்லும், 1956-இல் செசில் பி. டிமில் எடுத்த 'தி டென் கமாண்ட்மென்ட்ஸ்' படத்தை "கிராஃபிக்ஸ் பழசு" என்று பலர் ஒரே வரியில் ஒதுக்குவது நியாயமில்லை. அதில் கம்ப்யூட்டரே கிடையாது. செங்கடல் பிளக்கும் காட்சிக்காகப் பெரிய தொட்டிக்குள் தண்ணீரைக் கொட்டிப் படமெடுத்து, பிலிமைப் பின்னோக்கி ஓட்டினார்கள். விழுந்த நீர் சுவராக எழுந்து நின்றது. மேகம், பாறை, மக்கள் கூட்டம் எல்லாவற்றையும் தனித்தனியே எடுத்து, ஆப்டிகல் பிரிண்டர் என்ற பிலிம் நகலெடுக்கும் கருவியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தார்கள். ஏதாவது ஓர் அடுக்கு மயிரிழை விலகினாலும் உருவத்தின் ஓரத்தில் கோடு விழும். இன்று பலர் குறை சொல்வது அந்தக் கோட்டைத்தான்.

இப்படி நகலெடுக்க நகலெடுக்கப் படம் மங்கும். அதைத் தாங்கியது விஸ்டாவிஷன் என்ற பெரிய ஃபிரேம் முறையின் நெகட்டிவ். 35 மி.மீ. பிலிம் படுக்கைவாட்டில் ஓடும். ஃபிரேமுக்கு 4 ஓரத் துளைக்குப் பதில் 8 துளை. பரப்பு கூடியதால் நுணுக்கமும் தங்கியது. சிறப்புக் காட்சிகளுக்காக ஜான் ஃபுல்டன் பெற்ற ஆஸ்கார் முழுத் தகுதியானது.

உண்மையான பலவீனம் திரைக்கதையில் இருக்கிறது. மோசேயின் கதை வரும் வேதாகம நூலான யாத்திராகமத்தில் இல்லாத, எகிப்து இளவரசி நெஃப்ரெதிரியின் காதல் முதல் பாதியை இழுத்தடிக்கிறது; வசனம் மேடை நாடகம்போல் ஒலிக்கிறது. ஆனால், வேதாகமம் பெயரே சொல்லாத பார்வோனை (எகிப்து மன்னனை) படம் ராம்சேஸாக்க, அந்த வேடத்தில் நடிகர் யூல் பிரின்னர் தோல்வியை ஏற்க முடியாத மனிதனாக நிற்கிறாரே, அது அபாரம்!

டிவிக்காக வெட்டியதைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். முழு 220 நிமிடப் பதிப்பையே, இடைவேளையோடு பாருங்கள்.

– ஒரு வாசகர்