காரை விட்டிட்டு ரெயினில வா, பிள்ளை

அன்பு மகளுக்கு,

ஜேர்மனிக்கு வந்து பிராங்பேர்ட்டில இறங்கினவுடன மருமகன் கார் வாடகைக்கு எடுத்து எங்கட வூப்பெற்றால் நகரத்துக்கு ஓட்டிக்கொண்டு வருவார் எண்டு போனில சொன்னாய். கனடாவில ஸ்காபரோப் பனிக்குள்ள வருசக்கணக்கா ஓடுற மனுசன், அவரின்ர ஓட்டத்தில எனக்குச் சந்தேகமில்லை. எண்டாலும் வேண்டாம், பிள்ளை. ரெயினில வாங்கோ. போனில சொன்னால் "ஓமப்பா, ஓமப்பா" எண்டிட்டு உன்ர எண்ணப்படிதான் செய்வாய். அதால எழுதிறன். அச்சடிச்சு கைப்பைக்குள்ள வை.

இரா முழுக்கப் பிளேனில நித்திரையில்லாமல் வந்து, பிள்ளைகளையும் ஏத்திக்கொண்டு ஓட்டோபான் எண்ட நெடுஞ்சாலையில ஏறுறது நல்ல வேலையில்லை. சில துண்டுகளில வேகக் கட்டுப்பாடே இல்லை. இடப்பக்க வரிசையில கொஞ்சம் ஆறுதலா ஓடினால் பின்னால லைற் அடிச்சுக்கொண்டு வருவினம். பன்னிரண்டு வயசு ஆகாத, 150 சென்ரிமீற்றர் உயரம் வராத பிள்ளைக்குச் சிறுவர் இருக்கை கட்டாயம், அதுக்கு வேறயா வாடகை கேப்பினம். இஞ்ச கிட்ட வந்தால் 46 ஆம் ஓட்டோபான் காலையும் பின்னேரமும் அடைபட்டு நிக்கும். அதையும் தாண்டி வந்தால் எங்கட தெரு மலைச்சரிவில கிடக்கு, கார் விட இடமில்லை. இந்த ஊரில பொதுப் படிக்கட்டுகள் மட்டும் 400க்கு மேல. வரைபடத்தில பக்கத்துத் தெரு எண்டு காட்டும், போய்ப் பார்த்தால் நூறு படி ஏறவேணும்.

இனி வழியைச் சொல்லுறன். பிராங்பேர்ட் எயர்போட்டில ரெண்டு ரெயின் ஸ்ரேசன் இருக்கு. ஒண்டு முதலாம் ரெர்மினலுக்குக் கீழ, அது கிட்டடி ஊர்களுக்குப் போற ரெயின்களுக்கு. உங்களுக்கு வேண்டியது மற்றது. பலகையில "ஃபேர்ன்பான்ஹோஃப்" எண்டு போட்டிருக்கும், அந்த அம்புக்குறியைப் பிடிச்சுக்கொண்டு நடைபாலத்தால போங்கோ. அங்கயிருந்து ஐ.சி.ஈ. எண்ட வேக ரெயின். கொலோன் வரைக்கும் 2002 இல திறந்த பாதை, 300 கிலோமீற்றர் வேகத்தில ஓடும், ஒரு மணித்தியாலம் மட்டில கொண்டுவந்து விடும். கனதூரம் 3 ஆம் ஓட்டோபானுக்குப் பக்கத்தாலயே போகும். அதில ஓடுற கார்கள் பின்னுக்குப் போறதை மருமகனுக்கு ஒருக்காக் காட்டு.

சில ஐ.சி.ஈ நேர வூப்பெற்றாலுக்கே வரும், அது கிடைச்சால் புண்ணியம். இல்லாட்டிக் கொலோனில மாறவேணும். பலகையில "கேல்ன்" எண்டு இருக்கும், குழம்பாதே. சில ரெயின் பெரிய ஸ்ரேசனுக்குப் போகாமல் றைன் ஆத்துக்கு இந்தக் கரையில மெஸ்ஸே-டொய்ற்ஸ் எண்ட ஸ்ரேசனில நிப்பாட்டும், அதைப் பார்த்து எடு. மாறுறதுக்கு முக்கால் மணித்தியாலம் கிடைச்சால் வெளியில வாங்கோ. பெரிய ஸ்ரேசன் வாசலோடயே தேவாலயம், கோபுரம் 157 மீற்றர். 1248 இல தொடங்கி 1880 இலதான் கட்டி முடிச்சவை. எங்கட ஊர்க் கோயில் திருப்பணிக் குழுவை இனிமேல் நீ குறை சொல்லப்படாது.

ரிக்கற் விசயத்தில கவனம். முந்திப் பதிஞ்சால் மலிவாக் கிடைக்கிற ரிக்கற் குறிச்ச ஒரு ரெயினுக்கு மட்டும்தான் செல்லும். பிளேன் பிந்தினால் அந்தக் காசு போச்சு. அதால அண்டைக்கு எந்த ரெயினிலயும் ஏறக்கூடிய ரிக்கற்றா எடு. கொஞ்சம் கூடத்தான், ஆனால் எயர்போட்டில பெட்டி வரும் வரைக்கும் நிண்டாலும் நெஞ்சு படபடக்காது. சின்னவளுக்கு ஆறு வயசு ஆகேல்ல, ரிக்கற் தேவையில்லை. பெரியவனுக்கும் உங்களோட வரேக்க காசில்லை, ஆனால் பதியேக்க அவனையும் சேர்க்கவேணும், மறந்திடாத. இருக்கைக்கு வேறயாக் காசு கட்டிப் பதியவேணும், ரிக்கற் இருந்தால் இருக்கை இருக்கு எண்டு நினையாத. பதியேக்க குடும்பங்களுக்கு எண்டு ஒதுக்கின பகுதியைக் கேள். அமைதிப் பெட்டியில தெரியாமல் ஏறினால், சின்னவள் வாய் திறந்த உடன அரைப் பெட்டி திரும்பிப் பார்க்கும்.

பிளாட்போமில ஏ, பி, சி எண்டு எழுத்துப் பலகை தொங்கும். உங்கட பெட்டி எந்த எழுத்துக்குக் கீழ நிக்கும் எண்டு திரையில காட்டும், முதலே அதில போய் நில்லுங்கோ. ரெயின் சில நேரம் தலைகீழாப் பெட்டி மாறி வரும். அப்ப முழுப் பிளாட்போமும் பெட்டி படுக்கையோட ஓடும், நீங்களும் ஓடவேண்டியதுதான்.

ஜேர்மன்காரர் நேரம் தவறாதவை எண்டு ஊரில இருக்கேக்க நாங்களும் நம்பினனாங்கள். 2024 இல தூர ரெயின்களில 62.5 வீதம்தான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலும் ஆறு நிமிசத்துக்குள்ள பிந்தினால் அது பிந்தினதே இல்லை, ஓடாமலே விட்ட ரெயின் கணக்கிலயே வராது. எங்கட பாதையில திருத்தவேலை எண்டு மறிச்சால் ரெயினுக்குப் பதிலா பஸ் விடுவினம், வெளிக்கிட முதல் நாள் போனில ஒருக்காப் பார். ஆனால் ஒரு நியாயம் இருக்கு: போய்ச்சேரிற இடத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தினால் ரிக்கற் காசில கால்வாசியும், ரெண்டு மணித்தியாலம் எண்டால் பாதியும் திருப்பித் தருவினம். ரிக்கற்றை எறிஞ்சு போடாத.

வூப்பெற்றால் பெரிய ஸ்ரேசனில நான் நிப்பன். அங்கயிருந்து வீட்டை போறது தொங்கு ரெயினில. பெரியவனுக்கு இதை இப்பவே சொல்லிவை, பிளேனில குழப்படி செய்ய மாட்டான். புளியங்கொப்பில வவ்வால் தொங்கிற மாதிரி, சில்லு மேல, பெட்டி கீழ. தண்டவாளத்தைத் தாங்கிற இரும்புக் கால்கள் ஆத்துக்கு ரெண்டு கரையிலயும் ஊண்டி நிக்கும். 13.3 கிலோமீற்றர், 20 ஸ்ரேசன், இந்த முனையில இருந்து அந்த முனைக்கு அரை மணித்தியாலம். 1901 மார்ச் மாதம் சனத்துக்குத் திறந்தது. அதுக்கு முதல் வருசம் கைசர் ரெண்டாம் வில்ஹெல்ம் மனுசியோட வந்து ஓடிப் பார்த்தவர், அவர் ஏறின வண்டிலை இப்பவும் வைச்சிருக்கினம்.

ஏன் இப்பிடித் தொங்க விட்டவை எண்டு கேப்பான். அப்ப இது ஒரே ஊரில்லை. எல்பெர்பெல்ட், பார்மன் எண்டு ரெண்டு நெசவு நகரம் ஒரே பள்ளத்தாக்குக்குள்ள, ரெண்டு பக்கமும் மலை, நடுவில வூப்பர் ஆறு. ஆலையும் வீடும் நிறைஞ்சு தரையில இடமில்லை. கீழ தோண்டினால் பாறையும் தண்ணியும். மிச்சம் இருந்தது ஆத்துக்கு மேல இருக்கிற வெளி மட்டும்தான். 1929 இலதான் எல்லாத்தையும் சேர்த்து ஒரு நகரமாக்கினவை.

ஏறினவுடன பின்பக்கம் போங்கோ. கடைசியில பெரிய கண்ணாடி, ஆறு பின்னால ஓடுறது அப்பிடியே தெரியும். வளைவில ஆடும், பயப்பிடாதேங்கோ. அட்லர்புறுக்க ஸ்ரேசன் தாண்டினவுடன கீழ தண்ணியைப் பாக்கச் சொல்லு. 1950 ஜூலை 21 இல ஒரு சேர்க்கஸ்காரர் விளம்பரத்துக்காக ரூஃபி எண்ட யானைக்குட்டியை இந்த ரெயினில ஏத்தினவர். அது பயந்து பெட்டியை உடைச்சுக்கொண்டு ஆத்துக்குள்ள குதிச்சிட்டுது. சின்னக் காயத்தோட எழும்பி நடந்ததாம். பக்கத்துச் சுவரில அதின்ர படம் கீறியிருக்கு. அந்தப் பேரில பால் கூட விக்கினம்.

நீ இணையத்தில தேடிப் பார்ப்பாய் எண்டு தெரியும், அதால நானே சொல்லிவிடுறன். 1999 ஏப்ரல் 12 காலையில, திருத்தவேலை செய்தவை தண்டவாளத்தில மறந்து விட்ட ஒரு இரும்புக் கவ்வியில மோதி ஒரு பெட்டி ஆத்துக்குள்ள விழுந்து அஞ்சு பேர் செத்தவை. நூறு வருசத்துக்கு மேலான ஓட்டத்தில பயணிகள் செத்தது அந்த ஒரு தரம்தான். 2018 கடைசியில மின்சாரத் தண்டு ஒண்டு கழண்டு விழுந்ததுக்கு, ஆருக்கும் ஒண்டும் ஆகாட்டிலும் அடுத்த ஓகஸ்ட் வரைக்கும் பூட்டி வைச்சவை. ஊரே திட்டினது. எனக்கு அந்தப் பயந்த குணம் பிடிச்சிருந்தது.

பிள்ளை, காரை வேண்டாம் எண்டதுக்கு இதெல்லாம் காரணம்தான். ஆனால் உனக்குச் சொல்லாத ஒண்டு இருக்கு. 1985 இல நான் கிழக்கு பேர்லின் ஷோனபெல்ட்டில இறங்கி, பிரீட்ரிக் ஸ்ராச ஸ்ரேசனால மேற்குக்கு வந்தனான். அந்த நேரம் எங்கட பொடியங்கள் கனபேர் வந்த வழி அதுதான், மேற்குப் பக்கத்தில மறிக்க ஆக்கள் இல்லை. அகதி எண்டு பதிஞ்ச பிறகு இந்த மாநிலத்தில ஒரு சின்ன ஊர் விடுதிக்கு அனுப்பினவை. அண்டைக்கு இருந்த சட்டப்படி நாங்கள் அந்த மாவட்டத்தை விட்டு வெளியில போகப்படாது. அடுத்த நகரத்தில சிநேகிதனின்ர அண்ணைக்குச் செத்தவீடு நடந்தாலும் கந்தோரில போய் கடிதம் வாங்கவேணும். விடுதி யன்னலுக்கு முன்னால ரெயின் பாதை. எந்த ரெயின் எத்தினை மணிக்குப் போகும் எண்டு எனக்குப் பாடம், ஏறத்தான் ஏலாது. நீ அப்ப அப்பம்மாவின்ர மடியில இருந்தாய்.

அதாலதான் நான் பென்சன் எடுத்த பிறகு சும்மா சும்மா வெளிக்கிட்டுப் போறன். அம்மா ஏசுவா. 2023 மே மாதம் நாடு முழுக்கச் செல்லுற ஒரு மாத ரிக்கற் 49 யூரோவுக்குத் தொடங்கினவை, 2025 இல 58 ஆச்சு, 2026 தொடக்கம் 63. எந்த ஊர் பஸ், ட்ராம், தொங்கு ரெயின், சின்ன ரெயின் எல்லாத்திலயும் ஏறலாம். ஐ.சி.ஈ. மாதிரித் தூர ரெயின்களில செல்லாது. நீயும் மருமகனும் இதையே எடுங்கோ, போனிலயே வாங்கலாம். ஆனால் இது மாதாமாதம் தானா நீளும். மாதம் 10 ஆம் திகதிக்கு முதல் நிப்பாட்டச் சொல்லி எழுதாட்டி அடுத்த மாதமும் காசு பிடிப்பினம். பெரியவனுக்கு இஞ்ச ஊருக்குள்ள ஓட சிறுவர் ரிக்கற் எடுப்பம். கடதாசி ரிக்கற் எண்டால் மெசினில முத்திரை குத்தவேணுமோ எண்டு வாங்கேக்க கேள். வாசலில கதவு, தடுப்பு ஒண்டும் இல்லை எண்டு சும்மா ஏறாத. சாதாரண உடுப்போட பக்கத்தில இருக்கிறவனே எழும்பி அட்டையைக் காட்டுவான், தண்டம் 60 யூரோ.

ஒரு நாள் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போகவேணும், அம்மா அர்ச்சனைக்குச் சொல்லி வைச்சிருக்கிறா. இஞ்சயிருந்து ஆர்.ஈ. 7 எண்ட ரெயின் மாறாமல் ஹம் வரைக்கும் போகும், அங்கயிருந்து ஊன்ற்றொப்புக்கு பஸ். தொழிற்சாலைப் பக்கம் போய்க்கொண்டு இருக்கேக்க திடீரெண்டு 17 மீற்றர் இராசகோபுரம் எழும்பி நிக்கும். 2002 இல குடமுழுக்குச் செய்தது. தேர் நாளில ஆயிரக்கணக்கில சனம், தீர்த்தம் ஆடுறது பக்கத்துக் கப்பல் கால்வாயில. சூரிச்சில இருந்தும் பாரிசில இருந்தும் வருவினம். ஊரில ஒண்டாப் படிச்ச ஆக்களை நான் கண்டு பிடிச்சதே அங்கதான். நீயும் உன்ர பள்ளிக்கூடத்து ஆரையும் காணுவாய்.

மிருகக்காட்சிசாலைக்குத் தொங்கு ரெயினிலயே போகலாம், சோ-ஸ்ராடியோன் எண்ட ஸ்ரேசன். அதோட நிக்காமல் கடைசி வரைக்கும், வோவிங்கல் மட்டும் போவம். அந்தத் துண்டில ஆறு இல்லை, தெருவுக்கு மேலால வீட்டு மாடி யன்னல்களை உரசிற மாதிரிப் போகும். ஆக்கள் தேத்தண்ணி குடிக்கிறது தெரியும். கார்ல் மார்க்சின்ர கூட்டாளி எங்கல்ஸ் பிறந்த ஊரும் இதுதான். பார்மனில சீனா அரசாங்கம் குடுத்த பெரிய சிலை நிக்குது. மருமகனுக்கு விருப்பமெண்டால் காட்டுறன், எனக்கு அதில பெரிய ஈடுபாடில்லை.

குடை கொண்டு வா, கோடையிலயும் மழைதான். ஸ்ரேசன் கக்கூசுக்குச் சில்லறை வைச்சிரு. பிளாஸ்ரிக் போத்திலை எறியாத, கடையில குடுத்தால் 25 சதம். தெருவில சிவப்பு மனிசன் எரிஞ்சால் வாகனம் வராட்டிலும் நில்லுங்கோ, பிள்ளைகள் பார்க்கினம் எண்டு கிழவியள் ஏசுவினம்.

எந்த ரெயின், எத்தினையாம் பெட்டி எண்டு ஏறினவுடன போனில போடு. நீங்கள் வாறது ஞாயிற்றுக்கிழமை, அண்டைக்குக் கடையள் பூட்டு. பெரியவன் இடியப்பம் சாப்பிடுவானோ, இல்லாட்டிப் பாண் வாங்கி வைக்கவோ எண்டு அம்மா கேக்கிறா. வெள்ளிக்கிழமைக்கு முதல் சொல்லு.

அன்புடன்,
அப்பா